கியோம் த மஷோ: கவிதையும் இசையும் ஒரே கையில்

கியோம் த மஷோ யார், இடைக்கால பிரெஞ்சு இசை என்றதும் எல்லோரும் அவர் பெயரையே முதலில் சொல்வது ஏன், அவருடைய பாட்டு நம் காதுக்கு இவ்வளவு விநோதமாக இருக்கிறதே, அதை எப்படிக் கேட்பது? இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைத் தொடாமல் இருக்க முடியாது என்பதால் நானும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மஷோ சுமார் 1300-இல் பிறந்து 1377-இல் இறந்தவர். பதினான்காம் நூற்றாண்டு பிரான்சில் அவரைவிடப் பெரிய கவிஞர் இல்லை. அதே நூற்றாண்டில், அதே நாட்டில், அவரைவிடப் பெரிய இசையமைப்பாளரும் இல்லை. இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் அவருடைய நீள்கவிதைகளை எடுத்துக்கொள்கிறார்கள், இசை வரலாறு எழுதுபவர்கள் திருப்பலி என்ற கத்தோலிக்க வழிபாட்டுக்கு அவர் எழுதிய இசையையும், பல குரல்கள் வேறு வேறு சொற்களைப் பாடும் மொட்டெட்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பங்கு பிரித்ததில் இரண்டு பக்கத்துக்கும் பாதி மஷோதான் கிடைத்தார். பாட்டின் சொல், மெட்டு, அது இடம்பெறும் கதை, அந்தக் கதை இருக்கும் புத்தகத்தின் வரிசை வரை எல்லாவற்றையும் ஒரே ஆள் யோசித்துச் செய்தார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டால் அவர் இசையின் விநோதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும்.

வாழ்க்கையை முதலில் பார்ப்போம். பிரான்சின் வடகிழக்கே ஷாம்பேன் பகுதியில், ரைம்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மஷோ என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்க் குடும்பம் என்பதால் அந்தப் பெயர். அவர் பிரபு வம்சத்தில் பிறந்தவர் இல்லை. படித்துத் தேவாலயப் பணிக்குள் நுழைந்து, எழுதத் தெரிந்த காரணத்தாலேயே அரண்மனைக்குப் போனவர். 1320-களில் அவர் போய்ச் சேர்ந்த இடம் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) மன்னர் ஜான், அதாவது லக்சம்பர்க் வம்சத்து ஜான். இந்த மன்னருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து ஆளும் பழக்கமே கிடையாது. இன்று பிராக், நாளை பாரிஸ், அடுத்த மாதம் போலந்து என்று வாழ்நாள் முழுவதும் குதிரை மேலேயே இருந்தவர். அவர் போன இடமெல்லாம் மஷோவும் போனார். 1330-இல் போப்பின் ஆவணம் ஒன்று அவரை மன்னரின் தருமப் பணத்தைக் கவனிக்கும் பணியாளர் என்கிறது. 1332-இல் எழுத்தர் என்றும், 1333-இல் செயலாளர் என்றும் பதவி ஏறுகிறது. 1329 குளிர்காலத்தில் லிதுவேனியா மீது ஜான் படையெடுத்தபோது மெத்வேகாலிஸ் கோட்டை விழுந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைத் தான் நேரிலேயே பார்த்ததாகப் பிற்காலத்தில் ஒரு கவிதையில் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட சேவைக்கு அந்தக் காலத்தில் சம்பளம் என்பது பெரும்பாலும் தேவாலயப் பதவிதான். மன்னர் போப்பிடம் சிபாரிசு செய்வார், ஏதாவது ஒரு பேராலயத்தில் கேனன் பதவி கிடைக்கும். கேனன் என்றால் பேராலயத்தின் அன்றாட வழிபாட்டுக்கும் சொத்துக்கும் பொறுப்பான குழுவில் ஓர் உறுப்பினர். அதற்கு நிலையான வருமானம் உண்டு. வெர்தன், அராஸ், சான் கான்தேன் என்று சில இடங்களில் இப்படிப் பதவிகள் கிடைத்த பிறகு, அவருக்கு உண்மையில் வேண்டியிருந்த ரைம்ஸ் பேராலயத்துப் பதவியும் 1330-களின் பிற்பகுதியில் கைக்கு வந்தது. பிரான்சின் மன்னர்கள் முடிசூடும் பேராலயம் அது. சுமார் 1340-லிருந்து சாகும்வரை ரைம்ஸ்தான் அவருடைய வீடு. அவருடைய தம்பி ஜானும் அங்கேயே கேனன் ஆனார்.

1346 ஆகஸ்ட் 26 அன்று கிரெசி போர்க்களத்தில் மன்னர் ஜான் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. கண் தெரியாத நிலையில், தன் வீரர்களின் குதிரைகளோடு தன் குதிரையையும் பிணைத்துக்கொண்டு ஆங்கிலேயப் படைக்குள் போனார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஃபுரோசார் எழுதுகிறார். அந்த மன்னரை மஷோ கடைசிவரை மறக்கவில்லை. அவருடைய வள்ளல்தன்மையைப் பல ஆண்டுகள் கழித்தும் புதிய புரவலர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்து ஜானின் மகள் போன் ஆதரித்தார். 1349-இல் அவரும் இறந்தார். அதன் பிறகு நவார் மன்னர் சார்ல், பெரி என்ற பிரெஞ்சுப் பகுதியின் இளவரசர் ஜான், சைப்ரஸ் மன்னர் பீட்டர் என்று வரிசையாகப் புரவலர்கள் வந்தார்கள். சார்ல் சிறையில் இருந்தபோது அவருக்கு ஆறுதலாக 1357-இல் ஒரு நீள்கவிதை எழுதினார். பெரியின் இளவரசர் பணயக் கைதியாக இங்கிலாந்துக்குப் போக வேண்டிய நேரத்தில் அவருடைய காதல் பிரிவைப் பாடினார். அந்தக் கவிதையில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து அறையில் ஒரு பிரபு இரவெல்லாம் புலம்புகிறார், தூக்கம் வராத கவிஞர் விளக்கை ஏற்றி அந்தப் புலம்பலை அப்படியே எழுதிக்கொள்கிறார். விடிந்ததும் எண்ணிப் பார்த்தால் அதில் நூறு இயைபு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை!

போரும் கொள்ளைநோயும் சூழ்ந்த வாழ்க்கை அது. 1349-இல் கறுப்பு மரணம் ரைம்ஸைத் தாக்கியபோது அவர் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நவார் மன்னரை நடுவராக வைத்து எழுதிய கவிதையின் தொடக்கத்தில் அந்த மாதங்களை விவரிக்கிறார். தெருவெல்லாம் பிணம், புதைக்க ஆளில்லை, தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கூட்டங்கள். அதே பக்கங்களில், யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்ற கொடும் பொய்யையும் உண்மையென்றே எழுதி, அவர்கள் கொல்லப்பட்டதைச் சரியென்கிறார். அவரை நேசித்துப் படிப்பவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நுட்பமான மனம் ஒன்று, தன் ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டதற்கான சாட்சி அது. பத்து ஆண்டு கழித்து 1359 குளிர்காலத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு ரைம்ஸை முற்றுகையிட்டார். அறுபது வயதை நெருங்கிய மஷோவும் நகரக் காவலுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த அலுப்பையும் ஒரு கவிதையாக்கினார்.

சரி, இசைக்கு வருவோம். மஷோ இளைஞராக இருந்தபோது பாரிஸில் இசை எழுதும் முறையே மாறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு நீண்ட சுரத்தை மூன்றாகப் பிரிப்பதே முழுமை என்று கருதினார்கள். மூன்று என்பது தந்தை, மகன், தூய ஆவி என்ற பரிசுத்த திரித்துவத்தின் எண். 1320 வாக்கில் ஃபிலிப் த வித்ரி, ஜான் த மூர் போன்றவர்கள் இரண்டாகப் பிரிப்பதற்கும் சம உரிமை கொடுத்தார்கள். இன்னும் சிறிய கால அளவுகளையும் எழுத்தில் குறிக்க வழி செய்தார்கள். இந்தப் புதிய முறைதான் ஆர்ஸ் நோவா, அதாவது புதுக்கலை. போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு இது பிடிக்கவே இல்லை. பாடகர்கள் சின்னச் சின்னச் சுரங்களாகக் கொத்தி வழிபாட்டு மெட்டையே மறைத்துவிடுகிறார்கள் என்று கண்டித்து ஆணையே போட்டார். மஷோ இந்தப் புதுமுறையைக் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் அதைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியவர் அவர்தான்.

அவருடைய பாடல்களில் தொடங்குவதே நல்லது. சுமார் 42 பாலாட்கள், இருபதுக்கு மேற்பட்ட ரோந்தோக்கள், முப்பதுக்கு மேற்பட்ட விர்லேக்கள். இவை மூன்றும் கட்டமைப்பு மாறாத பாட்டு வடிவங்கள். பாலாட்டில் மூன்று கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் ஒரே பல்லவி வரியில் முடியும். கண்ணியின் முதற்பகுதி மெட்டு இரண்டு முறை வரும், முதல் முறை முடியாதது போலத் தொங்கி நிற்கும், இரண்டாம் முறை முடிந்து அமரும். அதன்பின் புதிய மெட்டு, பிறகு பல்லவி. பல பாலாட்களில் பல்லவியின் கடைசிச் சுரங்களும் முற்பகுதியின் கடைசிச் சுரங்களும் ஒன்றாகவே இருக்கும். சொல்லில் இயைபு வைத்தது போல இசையிலும் வைத்திருக்கிறார். விர்லே இதைவிட எளிது. பல்லவியில் தொடங்கிப் பல்லவியில் முடியும். பெரும்பாலானவை ஒற்றைக் குரலுக்கு எழுதியவை. ஆடிக்கொண்டே பாடும் பாட்டு என்ற பொருளில்தான் அவர் அவற்றைக் குறிப்பிட்டார். அவருடைய ஒரு நீள்கவிதையில் வட்டமாகக் கைகோத்து ஆடும் கூட்டத்தின் நடுவே நாயகன் விர்லே பாடும் இடமும் உண்டு. 'தூஸ் தாம் ஜோலி' என்ற விர்லேயை இன்று இணையத்தில் தேடினால் எத்தனையோ பேர் பாடியிருப்பது கிடைக்கும். ஒரு முறை கேட்டால் நாளெல்லாம் வாயில் வரும் மெட்டு அது.

ரோந்தோ கொஞ்சம் தந்திரமான வடிவம். எட்டு வரிப் பாட்டு என்றால் அதில் ஐந்து வரிகள் பல்லவியிலிருந்து வந்தவை. முதல் இரண்டு வரி பல்லவி, நான்காவது வரியில் அதன் பாதி, கடைசி இரண்டு வரியில் மறுபடி முழுப் பல்லவி. மெட்டும் இரண்டே துண்டு, அவையே மாறி மாறி வரும். கவிஞருக்கு மிஞ்சுவது மூன்றே மூன்று புதிய வரி. அந்த மூன்று வரியால் பல்லவியின் பொருள் ஒவ்வொரு முறையும் சற்றே நகர வேண்டும். இந்த நெருக்கடியில்தான் மஷோ மிகவும் சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று 'மா ஃபேன்' என்று தொடங்கும் ரோந்தோ. அதன் பல்லவி சொல்வது: என் முடிவே என் தொடக்கம், என் தொடக்கமே என் முடிவு. மூன்று குரல்கள். ஒரு குரல் ஒரு மெட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடும்போது இன்னொரு குரல் அதே மெட்டைக் கடைசியிலிருந்து முதல்வரை பாடுகிறது. மூன்றாவது குரல் பாதிவரை போய், வந்த வழியே சுரம் பிசகாமல் திரும்புகிறது. இசையில் ஒரு முழு மாலைமாற்று. ஏட்டில் மூன்றாவது குரலுக்குப் பாதிதான் எழுதியிருக்கும். மீதியை எப்படிப் பாட வேண்டும் என்பதைப் பாட்டின் வரிகளே பாடகருக்குச் சொல்லிவிடும். இதை வெறும் புதிர் விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் ரோந்தோ என்ற வடிவமே தொடங்கிய வரியில் போய் முடிவது. வடிவமும் சொல்லும் சுரமும் ஒரே விஷயத்தைச் செய்கின்றன. புதிர் தெரியாமல் கேட்டாலும் பாட்டு அழகாகவே ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பல குரல் பாலாட்களிலும் ரோந்தோக்களிலும் சொல்லைப் பாடுவது பொதுவாக ஒரு குரல்தான். அதற்குக் கீழே தெனோர், கோந்த்ரதெனோர் என்று சொல் இல்லாத இரண்டு குரல்கள். சிலவற்றில் மேலே நான்காவது குரலும் உண்டு. முதல் அசையிலேயே மெட்டு நீண்டு சுருண்டு போவது அவர் பாணி. 'ரோஸ், லிஸ்' என்று தொடங்கும் நான்கு குரல் ரோந்தோவைக் கேளுங்கள். ரோஜா, லில்லி, வசந்தம், பசுமை என்று அடுக்கி, இவை எல்லாவற்றையும் என் தலைவி மிஞ்சுகிறாள் என்று சொல்லும் பாட்டு. 'ரோஸ்' என்ற ஒற்றைச் சொல் விரிந்துகொண்டே போகும், அடியில் மற்றக் குரல்கள் தள்ளித் தள்ளி விழும்.

கேட்பவர் காதுக்கு இடறும் இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஷோ காலத்தில் குரல்கள் சேரும்போது நிம்மதியான ஒலிகள் என்றால், கீழ்க்குரலின் சுரத்திலிருந்து எண்ணி, அதே சுரம், எட்டாவது சுரம், ஐந்தாவது சுரம். இவைதான் ஓய்விடங்கள். இன்றைய மேற்கத்திய இசையில் இனிமை என்று நாம் பழகிய மூன்றாவது சுரமும் ஆறாவது சுரமும் அவருக்கு ஓயாத ஒலிகள், எங்கேயோ போய்ச் சேரத் தவிப்பவை. எனவே ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் அடிக்குரல் ஒரு படி இறங்கும், மேலே உள்ள இரண்டு குரல்களும் அரைப் படி ஏறும், ஆறாவது சுரம் எட்டாக விரியும், மூன்றாவது ஐந்தாக விரியும். இரண்டு குரல் ஒரே நேரத்தில் அரைப் படி ஏறுவதால் ஒரு கூர்மையான உரசல் கேட்கும், அடுத்த நொடி எல்லாம் விரிந்து வெறுமையாக, கல் போல நிற்கும். அந்த உரசலைத் தவறு என்று எடுத்துக்கொள்ளாமல், முடிவுக்கு முந்தின இழுப்பு என்று எடுத்துக்கொண்டால் போதும். இன்னொன்று: குரல்கள் ஒன்றோடொன்று உரசிப் போகும் நடுவழி ஒலிகளைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படுவதில்லை. ஒவ்வொரு குரலும் தெனோரோடு ஒத்துப் போனால் சரி. அதனால் குரல்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பின்தொடர்ந்து கேட்க வேண்டும்.

மொட்டெட்கள் வேறு உலகம். மொத்தம் 23. அடியில் பெரும்பாலும் ஒரு லத்தீன் வழிபாட்டுப் பாடலிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டு, மிக மெதுவாக. அதற்கு மேலே இரண்டு குரல்கள், இரண்டு வேறு வேறு கவிதைகளை ஒரே நேரத்தில் பாடும். பெரும்பாலும் இரண்டும் பிரெஞ்சுக் காதல் கவிதைகள். தெனோரின் கட்டுமானத்தில்தான் கணக்கு இருக்கிறது. சுரங்களின் வரிசை ஒரு சுழற்சி, கால அளவுகளின் வரிசை இன்னொரு சுழற்சி. இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை. சுர வரிசை 18 சுரமும் கால வரிசை 12 சுரமும் என்று வைத்துக்கொண்டால், சுர வரிசை இரண்டு முறை வருவதற்குள் கால வரிசை மூன்று முறை வந்துவிடும். இரண்டாம் முறை அதே மெட்டு வேறு தாளத்தில் உடுத்தி வரும். பாட்டின் பின்பாதியில் இதே கட்டுமானம் பாதிக் கால அளவாகச் சுருங்கி விரைவதும் உண்டு. இந்த முறைக்கு ஐசோரிதம் என்ற பெயரை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஃபிரீட்ரிஷ் லூட்விக் என்ற ஜெர்மானிய அறிஞர் வைத்தார்.

இந்தக் கணக்கு காதுக்கு நேராகத் தெரியாது. தெரிவது வேறொன்று. மஷோ தெனோருக்கு எடுக்கும் லத்தீன் சொல், மேலே பாடும் பிரெஞ்சுக் கவிதைக்கு விளக்கமாகவோ எதிர்வாதமாகவோ நிற்கும். பதினைந்தாவது மொட்டெட்டில் மேற்குரல் ஒன்று, பொய்த்தோற்றம் என்னை ஏமாற்றிவிட்டது என்று காதலில் புலம்புகிறது. அடியில் தெனோர் பாடும் துண்டு, ஆண்டவரைக் கண்டேன் என்ற, பைபிளில் வரும் யாக்கோபின் சொல். முகத்துக்கு முகம் கடவுளைக் கண்டவனின் வார்த்தை மேல், பொய் முகத்தால் ஏமாந்தவனின் வார்த்தை. இரண்டு கவிதையும் ஒரு லத்தீன் சொல்லும் ஒரே நேரத்தில் ஒலித்தால் யாருக்குப் புரியும் என்ற கேள்வி நியாயமானதே. முன்கூட்டியே கவிதைகளைப் படித்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்பவர்கள், ஏன், பாடுபவர்களே அதன் முதல் ரசிகர்கள்.

அடுத்தது திருப்பலி இசை. 'மெஸ் த நோத்ர தாம்', அன்னை மரியின் திருப்பலி. பெரும்பாலும் 1360-களின் தொடக்கத்தில் எழுதியது. ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, விசுவாசப் பிரமாணம், தூயவர், செம்மறி, கடைசியாகத் திருப்பலி முடிந்தது என்று அனுப்பி வைக்கும் வாசகம் என ஆறு பகுதிகளுக்கும் நான்கு குரலில் இசை. துர்னே, துலூஸ், பார்சிலோனா போன்ற ஊர்களின் பெயரில் அதே நூற்றாண்டைச் சேர்ந்த திருப்பலித் தொகுப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு கைகள் எழுதியதை ஒன்றாகக் கோத்தவை. ஒரே இசையமைப்பாளர் பெயரில் கிடைக்கும் முழுத் திருப்பலிகளில் முதலாவது மஷோவுடையதே. உன்னதங்களிலே, விசுவாசப் பிரமாணம் என்ற நீளமான உரை கொண்ட இரண்டு பகுதிகளிலும் நான்கு குரலும் அசைக்கு அசை ஒன்றாக நடக்கும். இயேசு கிறிஸ்து என்ற பெயர் வரும்போதும், கன்னி மரியிடமிருந்து என்ற சொல் வரும்போதும் எல்லாம் நின்று, நீண்ட ஒலிகளாக விரியும். வழிபாட்டில் தலைவணங்கும் இடங்களை இசையே காட்டிவிடுகிறது. மற்றப் பகுதிகள் மொட்டெட் பாணியில், அடியில் பழைய வழிபாட்டு மெட்டை வைத்துக் கட்டியவை. முதல் இரக்க மன்றாட்டில் தெனோரின் கால வரிசை நான்கே சுரம், அதுவே ஏழு முறை வருகிறது. மேற்குரல்கள் ஒன்று பாடும் இடத்தில் மற்றது மௌனமாகி, விட்டுவிட்டு மாறி மாறித் துள்ளும் இடங்களும் நிறைய.

1364-இல் ஐந்தாம் சார்ல் ரைம்ஸில் முடிசூடியபோது இந்தத் திருப்பலி பாடப்பட்டது என்று பழைய புத்தகங்களில் படிக்கலாம். அதற்குச் சான்று எதுவும் இல்லை. ரைம்ஸ் பேராலயத்தில் இருந்த கல்வெட்டு ஒன்றின் வாசகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். மஷோ சகோதரர்கள் தங்கள் ஆன்மாவுக்காக அன்னை மரியின் சனிக்கிழமைத் திருப்பலிக்கு நிதி வைத்ததை அது சொல்கிறது. இந்த இசையின் உண்மையான வீடு அந்தச் சனிக்கிழமை வழிபாடு என்று எண்ணவே இடமிருக்கிறது. மன்னருக்கான ஆடம்பரம் என்று கேட்பதைவிட, இரண்டு முதிய சகோதரர்கள் தங்கள் மரணத்தை நினைத்துச் செய்த ஏற்பாடு என்று கேட்டால் இசையே வேறாகத் தெரிகிறது.

ஆனால் திருப்பலி இசையின் புகழ் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம். மஷோவின் மனம் எப்படி வேலை செய்தது என்று அறிய வேண்டுமானால் 1363-க்கும் 1365-க்கும் இடையே எழுதிய 'வுவார் தி'யைப் படிக்க வேண்டும். உண்மைக் கதை என்று பொருள். சுமார் 9,000 வரிக் கவிதை, நடுநடுவே உரைநடையில் நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள், ஆங்காங்கே இசையோடு பாட்டுகள். ஒற்றைக் கண்ணும் கீல்வாதமும் உள்ள வயதான கவிஞர் நோயில் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்தே இராத இளம்பெண் ஒருத்தி, அவர் புகழைக் கேட்டு ஒரு ரோந்தோ எழுதி அனுப்புகிறாள். கடிதங்கள் தொடங்குகின்றன. ஒரு நாள் செர்ரி மரத்தடியில் அவள் அவர் மடியில் தலைவைத்துத் தூங்க, அவருடைய செயலாளர் அவள் உதட்டின் மேல் ஒரு பச்சை இலையை வைத்து, இலையை முத்தமிடுங்கள் என்கிறார். கவிஞர் பயந்து பயந்து குனிய, செயலாளர் இலையை இழுத்துவிடுகிறார். பின்னால் வதந்திகள், சந்தேகம், கசப்பு. கடிதங்களை அவள் எல்லோருக்கும் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு அவர் உடைந்து போகிறார்.

அந்தப் பெண்ணின் பெயரையும் மறைத்து வைத்திருக்கிறார். ஒரு ரோந்தோவின் முதல் வரி வெறும் எண்கள்: பதினேழு, ஐந்து, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. அக்கால அகரவரிசையில் அந்த இடங்களில் உள்ள எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் பெரோன் என்ற பெயர் வருகிறது.

இசைக்காரர்களுக்கு இந்த நூல் ஒரு புதையல். காரணம், அந்தக் கடிதங்களில் அவர் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். தான் எழுதிய எதையும் ஒரு முறை பாடிக் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்கிறார். ஒரு பாலாட்டை அனுப்பும்போது, எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறபடியே கற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். அதே மூச்சில், ஆர்கனிலோ பேக்பைப்பிலோ வேறு வாத்தியத்திலோ வாசிப்பதும் அதன் இயல்புக்குப் பொருந்தும் என்கிறார். தன் எல்லாப் படைப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் புத்தகம் இப்போது இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது, அதில் சுரம் எழுதும் வேலை நடக்கிறது, அதனால் உடனே அனுப்ப முடியவில்லை என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அறுநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஓர் இசையமைப்பாளரின் மேசையை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

அந்தப் புத்தகம்தான் மஷோ நமக்கு முழுதாகக் கிடைத்ததற்குக் காரணம். அவருடைய மொத்தப் படைப்பையும் தாங்கிய பெரிய தோல் ஏட்டுப் பிரதிகள் பல இன்றும் இருக்கின்றன, பெரும்பாலானவை பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில். அவற்றில் 1584 என்ற எண்ணுள்ள பிரதியின் தொடக்கத்தில், தன் புத்தகத்தில் மஷோ விரும்பும் வரிசை இதோ என்ற குறிப்போடு உள்ளடக்கம் வருகிறது. முதலில் கதைக் கவிதைகள், பிறகு இசையில்லாத காதல் கவிதைகள், பிறகு இசை. வயதான காலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரு முன்னுரைக் கவிதையும் எழுதினார். அதில் இயற்கை அவரிடம் வந்து அறிவு, சொற்கலை, இசை என்ற தன் மூன்று பிள்ளைகளைக் கொடுக்கிறது. காதல் வந்து இனிய எண்ணம், மகிழ்ச்சி, நம்பிக்கை என்ற தன் மூவரைக் கொடுக்கிறது. அதே காலத்தின் மற்ற இசையமைப்பாளர்கள் பலர் சிதறிய ஓரிரு பாட்டுகளாகவே நமக்கு மிஞ்சியிருக்கிறார்கள். வித்ரியே கூட அப்படித்தான், அவர் பெயரில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில மொட்டெட்களே.

1377 ஏப்ரலில் மஷோ ரைம்ஸில் இறந்தார். பேராலயத்தில் தம்பியின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஷாம்பேனைச் சேர்ந்த இளைய கவிஞர் ஊஸ்தாஷ் தேஷாம் இரங்கற்பா எழுத, ஆந்திரியூ என்பவர் அதற்கு நான்கு குரலில் இசையமைத்தார். அந்த இரங்கற்பாவிலேயே ஒரு மாற்றமும் தெரிகிறது. எழுதியது ஒருவர், மெட்டமைத்தது இன்னொருவர். தேஷாம் 1392-இல் கவிதைக் கலை பற்றி எழுதியபோது, கவிதையை இயற்கை இசை என்றும் சுரத்தில் அமைவதைச் செயற்கை இசை என்றும் இரண்டாகப் பிரித்தார். கவிதைக்கு மெட்டு தேவையில்லை, அது தானே இசை என்பது அவர் வாதம். பிரான்சில் பாலாட்டும் ரோந்தோவும் இன்னும் ஒரு நூற்றாண்டு கொடிகட்டிப் பறந்தன. அவற்றை எழுதிய பெரிய கவிஞர்கள் இசையமைக்கவில்லை, இசையமைத்த பெரியவர்களைக் கவிஞர்களாக யாரும் நினைவில் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் கவிஞர் சாசர் தன் முதல் பெரிய கவிதைக்கு மஷோவின் கவிதைகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார், கவிதையை மட்டும்.

இனி எப்படிக் கேட்பது. திருப்பலியில் தொடங்க வேண்டாம். முதலில் ஒற்றைக் குரல் விர்லேக்கள் நாலைந்து. அப்புறம் 'ரோஸ், லிஸ்', அதன்பின் 'த தூத் ஃப்ளூர்' என்ற பாலாட். மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவை சொல் பாடும் குரலையும் அடுத்த தடவை தெனோரையும் மட்டும் பின்தொடருங்கள். காது பழகிய பிறகு திருப்பலிக்குப் போகலாம். ஹில்லியர்ட் குழுவின் பதிவு சுத்தமாக, ஒவ்வொரு கோடும் தெளிவாகக் கேட்கும். மார்செல் பெரெஸின் ஆர்கனம் குழு அதே இசையைக் கனத்த, அலங்காரம் நிறைந்த குரலில், முற்றிலும் வேறு நிறத்தில் பாடியிருக்கிறது. ஒரே ஏட்டிலிருந்து இவ்வளவு வேறுபட்ட ஒலி வர முடியும் என்பதற்காகவே இரண்டையும் கேட்க வேண்டும். பாடல்களுக்கு ஆர்லாண்டோ கன்சார்ட் வரிசையாக வெளியிட்ட பதிவுகள் நல்ல துணை, வாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும்.

லே என்ற வடிவத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கண்ணிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு, வேறு மெட்டு, கடைசிக் கண்ணியில் மட்டும் முதல் கண்ணியின் மெட்டு, பெரும்பாலும் வேறு உயரத்தில், திரும்பி வரும். அரைமணி நேரத்தை நெருங்கும் பாட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு குரல். நவார் மன்னர் கவிதையில் வழக்கில் தோற்ற கவிஞருக்கு விதிக்கப்படும் தண்டனையே ஒரு லேயும் ஒரு விர்லேயும் ஒரு பாலாட்டும் எழுத வேண்டும் என்பதுதான். மஷோ லேக்களை எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பது, ஏடுகளில் இசைப் பகுதியை அவற்றைக் கொண்டே தொடங்கியதிலிருந்து தெரியும். ஊற்றைப் பற்றிய லே ஒன்று இருக்கிறது, அதில் ஒற்றைக் குரல் கண்ணியும், மூன்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைத் துரத்தும் கண்ணியும் மாறி மாறி வரும். மூவரும் ஒருவரே என்ற திரித்துவத்தைப் பாடும் பாட்டு என்பதால் ஒரே மெட்டை மூவர் பாடுகிறார்கள். அதிலிருந்தே லேக்களைத் தொடங்கலாம்.